பதற்ற மாத்திரையை விட்டும் அவதி தீரவில்லையா? மனச்சோர்வு மருந்து எடுப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

மாத்திரையை நிறுத்திப் பல மாதங்கள் ஆகிவிட்டன. இன்னும் தூக்கம் சரியாக வரவில்லை. காதில் ஓயாத ரீங்காரம். எம்.ஆர்.டி.யில் கூட்டத்தைப் பார்த்தாலே நெஞ்சு படபடக்கிறது. மருத்துவரிடம் போனால், "மனச்சோர்வு மருந்து ஒண்ணு ஆரம்பிச்சுப் பார்க்கலாமா?" என்கிறார்.

ஒரு மாத்திரையை விடுவதற்கே இந்தப் பாடு. மறுபடியும் இன்னொன்றா?

நீங்கள் அப்படி நினைத்தால் அது நியாயமான தயக்கம். 'எடுங்க', 'எடுக்காதீங்க' என்று ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. ஆனால் முடிவெடுக்கும் முன் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும்: மனச்சோர்வு மருந்து, பதற்ற மாத்திரையை விட்டதால் வரும் அறிகுறிகளை நீக்குவதற்கென்று உருவான மருந்து இல்லை. அதை உங்களுக்கு எதற்காகத் தருகிறார்கள்? அந்தக் கேள்விக்கான பதிலில்தான் மற்றதெல்லாம் இருக்கிறது.

(உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இப்போது வந்துகொண்டிருந்தால், மீதியை அப்புறம் படிக்கலாம். சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தை 1767 என்ற எண்ணில் 24 மணி நேரமும் அழைக்கலாம். உடனடி ஆபத்து என்றால் 995.)

எந்த மாத்திரைகளைப் பற்றிப் பேசுகிறோம்?

பென்சோடயஸிபைன் என்ற குடும்பத்தைச் சேர்ந்த மருந்துகள். வேலியம் என்ற பெயரில் பிரபலமான டயஸிபாம், ஸேனாக்ஸ் என்று விற்கப்படும் அல்பிரஸோலாம், ஆட்டிவன் எனப்படும் லோராஸிபாம், ரிவோட்ரில் எனப்படும் குளோனாஸிபாம் எல்லாம் இதில் அடக்கம். குடும்பத்தின் முதல் மருந்து 1960இல் சந்தைக்கு வந்தது. வேலியம் 1963இல் வந்தது.

மூளைக்குள் காபா என்று ஒரு வேதிப்பொருள் இருக்கிறது. வாகனத்துக்கு பிரேக் மாதிரி, நரம்புகளின் ஓட்டத்தை அது தணிக்கிறது. இந்த மாத்திரைகள் அந்த பிரேக்கை இன்னும் அழுத்தமாகப் பிடிக்க வைக்கின்றன. அதனால்தான் அரை மணி, ஒரு மணி நேரத்திலேயே மனம் அமைதியாகிவிடுகிறது.

சிக்கல் அப்புறம்தான். வாரக்கணக்கில் எடுக்கும்போது மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. வெளியிலிருந்து உதவி வருவதால், சொந்த பிரேக்கின் பிடி தளர்கிறது. மாத்திரையை நிறுத்தியதும் பிரேக் சரியாகப் பிடிக்காத வண்டிபோல நரம்புகள் ஓடுகின்றன. பதற்றம், தூக்கமின்மை, நடுக்கம், சத்தமும் வெளிச்சமும் தாங்காமை எல்லாம் அதன் விளைவு.

சிங்கப்பூரில் இதற்குக் கட்டுப்பாடு உண்டு. 2008இல் சுகாதார அமைச்சு வெளியிட்ட வழிகாட்டி, மொத்தம் 8 வாரங்களுக்கு மேல் இந்த மருந்து தேவைப்படுவோரை மருந்தக மருத்துவர்கள் சிறப்பு நிபுணரிடம் அனுப்ப வேண்டும் என்கிறது. விதியை மீறி எழுதிக்கொடுத்த மருத்துவர்கள்மீது சிங்கப்பூர் மருத்துவ மன்றம் நடவடிக்கை எடுத்ததும் உண்டு. ஆகவே உங்கள் மருத்துவர் மறுபடியும் அதே மாத்திரையைத் தரத் தயங்கினால், அது உங்கள்மீதுள்ள சந்தேகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் இன்னும் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் ஒன்று சொல்லியாக வேண்டும். திடீரென்று நிறுத்தாதீங்க. வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அமெரிக்க மருத்துவ அமைப்புகள் 2025இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி, 2 முதல் 4 வாரங்களுக்கு ஒருமுறை 5 முதல் 10 விழுக்காடு குறைத்துப் பார்க்கலாம் என்கிறது. பொதுவாக இரண்டு வாரத்துக்கு 25 விழுக்காட்டுக்கு மேல் குறைக்கக் கூடாது என்கிறது. அது பொதுவான கணக்கு. உங்களுக்கான வேகத்தை உங்கள் மருத்துவர்தான் சொல்ல முடியும்.

இவ்வளவு நாளா நீடிக்கும்?

பெரும்பாலோருக்கு அறிகுறிகள் சில வாரங்களில் அடங்கும். சிலருக்கு அடங்குவதில்லை.

இங்கிலாந்தின் நியூகாசலில் பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன் 1982 முதல் 1994 வரை இதற்கென்றே ஒரு மருந்தகம் நடத்தினார். அந்த அனுபவத்தை வைத்து அவர் எழுதிய கையேட்டை உலகம் முழுவதும் இன்றும் நோயாளிகளும் மருத்துவர்களும் புரட்டுகிறார்கள். நெடுநாள் இந்த மாத்திரை எடுத்தவர்களில் 10 முதல் 15 விழுக்காட்டினருக்கு அறிகுறிகள் நீண்டுகொண்டே போகலாம் என்பது அவரது கணிப்பு. ஒரு காலத்தில், "அதெல்லாம் இல்லை, பழைய பதற்ற நோய்தான் திரும்பி வந்திருக்கு" என்று பல நோயாளிகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இப்போது நிலைமை மாறிவிட்டது. 2020இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்த மருந்துகளுக்கான எச்சரிக்கையைக் கடுமையாக்கியபோது, அறிகுறிகள் 12 மாதங்களுக்கு மேலும் நீடிக்கக்கூடும் என்பதையும் சேர்த்துச் சொன்னது.

இந்த நீண்ட கட்டத்துக்கு ஒரு குணம் உண்டு. அலை மாதிரி வரும், போகும். நான்கு நாள் நன்றாக இருக்கும். 'சரியாயிடுச்சு' என்று நினைக்கும்போது ஐந்தாம் நாள் மறுபடியும் ஆரம்பிக்கும். காலம் போகப் போக, நல்ல நாள்கள் கூடுவதும் மோசமான நாள்கள் குறைவதும்தான் வழக்கம். கைப்பேசியில் ஒரு நாளுக்கு ஒரு வரி எழுதி வைத்தால்கூட இது உங்கள் கண்ணில் படும். நினைவை மட்டும் நம்பினால், மோசமான நாள்கள்தான் மனத்தில் நிற்கும்.

விலகலா, மனச்சோர்வா, பழைய பதற்றமா?

மருத்துவரும் நீங்களும் சேர்ந்து பிரித்துப் பார்க்க வேண்டிய இடம் இது. அவசரப்படக்கூடாத இடமும் இதுதான்.

மாத்திரை எடுக்கத் தொடங்கும் முன் உங்களுக்கு இல்லாத ஒன்று இப்போது இருக்கிறதா? காதில் ரீங்காரம், தோலில் எரிச்சல் அல்லது எறும்பு ஊர்வது போன்ற உணர்வு, தசைத் துடிப்பு, சுற்றியுள்ளவை எல்லாம் நிஜமில்லாததுபோல் தோன்றுவது போன்றவை விலகலின் பக்கம் விரல் நீட்டுகின்றன. வந்து வந்து போனால் இன்னும் கொஞ்சம் உறுதி.

முன்பு இருந்த அதே பயம், அதே சூழலில் திரும்பியிருக்கிறதா? மேடையில் பேசும் முன் வரும் பீதி, மின்தூக்கியில் ஏறும்போது வரும் மூச்சுத்திணறல் மாதிரி? அப்படியென்றால் மாத்திரை மூடி வைத்திருந்த பழைய பதற்ற நோய் வெளியே வந்திருக்கலாம்.

மனச்சோர்வின் முகம் வேறு. இரண்டு வாரத்துக்கு மேல், அநேகமாக எல்லா நாளும், நாளின் பெரும்பகுதி மனம் கனத்தே இருக்கிறது. பிடித்த பாட்டு, பிடித்த ஆட்டம், நண்பர்களோடு சாப்பாடு எதிலும் ஈர்ப்பு இல்லை. பசி மாறிவிட்டது. 'நான் எல்லாருக்கும் பாரம்' என்ற எண்ணம் விடமாட்டேன் என்கிறது. நல்ல நாள் என்று ஒன்று வருவதே இல்லை.

இவை தனித்தனி அறைகளில் இருப்பதில்லை என்பதுதான் தொல்லை. விலகலே மனச்சோர்வைக் கொண்டுவரலாம். ஆறு மாதம் தூங்காதவருக்கு மனம் சோராமல் இருந்தால்தான் ஆச்சரியம். தைராய்டு கோளாறு, இரத்தச்சோகை போன்றவையும் இதே வேடத்தில் வரும். ஆகவே இரத்தப் பரிசோதனை செய்யலாம் என்று மருத்துவர் சொன்னால் 'எனக்கு மனசுதானே பிரச்சினை' என்று தட்டிக்கழிக்க வேண்டாம்.

பிரித்துப் பார்ப்பதால் என்ன பயன்? கடுமையான மனச்சோர்வு, பீதி நோய், நாட்பட்ட பதற்ற நோய் ஆகியவற்றுக்கு மனச்சோர்வு மருந்துகள் உதவும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. காது ரீங்காரத்துக்கும் தோல் எரிச்சலுக்கும் அதே உத்தரவாதம் கிடையாது. மாத்திரையை விடுபவர்களுக்கு வேறு மருந்துகளைத் துணையாகத் தருவது பலன் தருமா என்று கொக்ரேன் அமைப்பு 2018இல் 38 ஆய்வுகளைச் சேர்த்து ஆராய்ந்தது. மனச்சோர்வு மருந்துகளும் அதில் இருந்தன. ஆய்வுகளின் தரம் குறைவு, உறுதியாக எதையும் சொல்ல முடியாது என்ற முடிவுக்குத்தான் வந்தது. 'இதை எடுத்தா எல்லாம் போயிடும்' என்று யாராவது அடித்துச் சொன்னால், அந்த அளவுக்கு ஆதாரம் இல்லை. 'தொட்டாலே விஷம்' என்பதற்கும் இல்லை.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறது, சாப்பிட முடியவில்லை, வேலைக்கோ வகுப்புக்கோ போகவே முடியவில்லை என்றால் தராசு மருந்தின் பக்கம் சாய்கிறது. அந்த நிலையில், 'இது விலகல்தான், தானே போய்விடும்' என்று மாதக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பது ஆபத்தானது.

முதல் இரண்டு வாரம்

மனச்சோர்வு மருந்து பற்றிப் பலர் சொல்லாமல் விடுவது இது. செர்ட்ரலின், எஸ்சிட்டலோபிராம், ஃபுளூவாக்சடீன் போன்றவை ஆரம்பத்தில் பதற்றத்தைக் கொஞ்சம் கூட்டலாம். கை கால் பரபரப்பு, குமட்டல், தூக்கம் கெடுவது எல்லாம் முதல் ஒன்றிரண்டு வாரத்தில் வரக்கூடியவை. நல்ல பலன் தெரிய 2 முதல் 4 வாரம், சிலருக்கு 6 முதல் 8 வாரம்கூட ஆகலாம். தொல்லை முதலில், பலன் அப்புறம்.

சாதாரணமாக ஒருவர் இதைத் தாங்கிக்கொள்வார். ஏற்கனவே நரம்புகள் கொதித்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அது பெரிய அடியாக இருக்கலாம். மூன்றாம் நாளே, 'எனக்கு ஒத்துக்கல' என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். மருந்து உண்மையில் ஒத்துக்கொள்ளவில்லையா, ஆரம்பத் தொல்லைதானா என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடும். இதனால்தான் வழக்கமான தொடக்க அளவில் பாதியோ அதற்கும் குறைவோ கொடுத்து, மெதுவாக ஏற்றுவது நல்லது என்கிறார்கள் இத்துறை மருத்துவர்கள். ஆஷ்டனும் இதையே வலியுறுத்தினார். "குறைஞ்ச அளவுல தொடங்க முடியுமா?" என்று நீங்களே கேட்கலாம். தவறே இல்லை.

உங்கள் வயதுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை உண்டு. அமெரிக்காவில் மனச்சோர்வு மருந்துகளின் குறிப்பில், சிறுவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் தற்கொலை எண்ணம் கூடலாம் என்ற எச்சரிக்கை 2004இல் வந்தது. 2007இல் அது 24 வயது வரையிலான இளையர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. மருந்து வேண்டாம் என்பது அதன் பொருளல்ல. முதல் சில வாரம் யாராவது உங்களைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதுதான். உட்கார முடியாமல், நிற்க முடியாமல், உடம்புக்குள்ளிருந்து ஏதோ தள்ளுவதுபோன்ற தவிப்பு வந்தால், அடுத்த சந்திப்புவரை காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்க.

எல்லாம் ஒன்றல்ல

'மனச்சோர்வு மருந்து' என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே பல ரகம். மிர்ட்டஸபைன் தூக்கத்துக்கு உதவலாம். பசியும் எடையும் கூடலாம். செர்ட்ரலின் வகை மருந்துகள் பாலுறவு ஆர்வத்தைக் குறைக்கலாம். வெட்கப்பட்டுச் சொல்லாமல் பாதியில் நிறுத்துபவர்கள் நிறைய, அதனால் இங்கே வெளிப்படையாகவே சொல்கிறோம்.

பியூப்ரோபியோன் என்ற மருந்தில் தனிக் கவனம் வேண்டும். அது வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. பென்சோடயஸிபைனைத் திடீரென்று நிறுத்தியவர்களுக்கு அதைத் தரக்கூடாது என்று மருந்தின் குறிப்பிலேயே இருக்கிறது. புகைப்பழக்கத்தை விடுவதற்கும் அதே மருந்து தரப்படுவதுண்டு. வேறொரு மருத்துவர், வேறொரு காரணத்துக்காக எழுதிவிட வாய்ப்பிருக்கிறது.

ஃபுளூவாக்சமீன் இன்னொரு வகையில் சிக்கலானது. டயஸிபாமும் அல்பிரஸோலாமும் உடம்பிலிருந்து வெளியேறுவதை அது தாமதப்படுத்துகிறது. நீங்கள் அளவைக் குறைத்துக்கொண்டிருப்பதாக நினைப்பீர்கள்; இரத்தத்தில் அளவு ஏறிக்கொண்டிருக்கும்.

எந்த மருந்தகத்துக்குப் போனாலும், எடுத்த மாத்திரையின் பெயர், அளவு, எத்தனை மாதம் எடுத்தீர்கள், எப்போது கடைசியாக எடுத்தீர்கள் ஆகிய நான்கையும் சொல்லிவிடுங்கள். நண்பரிடம் வாங்கிப் போட்ட மாத்திரையாக இருந்தாலும், மது அருந்தியிருந்தாலும் மறைக்க வேண்டாம். மருத்துவர் கணக்குப் போடுவது அதை வைத்துத்தான்.

இதையும் ஒரு நாள் விட வேண்டுமே?

ஆமாம். மனச்சோர்வு மருந்துகளுக்கும் விலகல் அறிகுறிகள் உண்டு. தலைசுற்றல், எரிச்சல், மூளைக்குள் சின்னதாக மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு எல்லாம் வரலாம். பராக்சடீனும் வென்லஃபாக்சினும் இதில் பேர்போனவை. ஃபுளூவாக்சடீன் உடம்பில் நீண்ட நாள் தங்குவதால் விடுவது ஓரளவு சுலபம். தொடங்கும்போதே, "இதை விடுறது எப்படி?" என்று கேட்டு வைப்பது நல்லது. அந்தக் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்லும் மருத்துவர் கிடைத்தால் விட்டுவிடாதீங்க.

பதற்ற மாத்திரையை இன்னும் குறைத்துக்கொண்டிருக்கும்போதே மனச்சோர்வு மருந்து தேவைப்பட்டால் வரிசை முக்கியம். ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றக்கூடாது. புதிய மருந்தைத் தொடங்கும்போது குறைப்பதைச் சற்று நிறுத்தி, 2 முதல் 3 வாரம் கழித்து உடம்பு பழகியதும் மறுபடி குறைக்கத் தொடங்கலாம் என்பது ஆஷ்டன் கையேட்டின் ஆலோசனை. முதலில் பதற்ற மாத்திரையை முழுவதும் விட வேண்டும். மனச்சோர்வு மருந்தைக் கடைசியாக, தனியாக, மெதுவாக விட வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கூட்டிக் குறைத்தால், எந்த அறிகுறி எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

வேண்டாம் என்றால்?

மருந்து எடுக்காமல் இருப்பதும் ஒரு முடிவுதான், அதற்கும் திட்டம் வேண்டும். சி.பி.டி. எனப்படும் சிந்தனை, நடத்தைச் சிகிச்சை பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் உதவுகிறது. தூக்கமின்மைக்கென்றே அதில் ஒரு வடிவமும் இருக்கிறது. மது, கஞ்சாபோன்ற பொருள்கள் இந்த நேரத்தில் வேண்டவே வேண்டாம். காப்பி, தே தாரிக் அளவைக் குறைத்துப் பாருங்கள். சிலருக்கு வித்தியாசம் தெரியும். நடைப்பயிற்சி நல்லது, ஆனால் விலகல் கடுமையாக இருக்கும்போது உடலை வாட்டி எடுக்கும் பயிற்சி சிலருக்கு அறிகுறிகளைக் கூட்டிவிடுகிறது.

மருத்துவரிடம், "இப்போதைக்கு வேணாம், ஆறு வாரம் கவனிச்சுட்டு வர்றேன்" என்று சொல்லலாம். என்ன நடந்தால் அதற்கு முன்பே வருவீர்கள் என்பதையும் அப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் எப்படிச் சொல்வது?

நம் வீடுகளில் இது தனிப் போராட்டம். "மாத்திரைதான் விட்டாச்சே, இன்னும் என்ன?" என்று அம்மா கேட்பார். "மனச தைரியமா வச்சுக்கோ" என்பார் மாமா. அவர்களுக்கு அக்கறை இல்லாமல் இல்லை. விலகல் என்றால் சில நாள் காய்ச்சல் மாதிரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 'மூளை பழைய நிலைக்குத் திரும்ப மாதக்கணக்காகும். சில நாள் நல்லா இருப்பேன், சில நாள் முடியாது' என்று முதலிலேயே சொல்லிவிட்டால், நல்ல நாளில் சிரித்துவிட்டு மறுநாள் படுத்துக்கிடப்பதை நடிப்பு என்று நினைக்கமாட்டார்கள். முடிந்தால் ஒருவரை மருத்துவரிடம் கூட்டிப் போங்க. புதிய மருந்தின் முதல் வாரங்களில், 'நேத்தைவிட இன்னிக்கு ஒரு மாதிரி இருக்கே' என்று கவனித்துச் சொல்ல ஒருவர் தேவை.

செலவைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு ஒரு தகவல்: மனச்சோர்வும் பதற்ற நோயும் நாட்பட்ட நோய் நிர்வாகத் திட்டத்தில் இருப்பதால், திட்டத்தில் பங்கேற்கும் மருந்தகங்களில் மெடிசேவைப் பயன்படுத்தலாம். 16 முதல் 30 வயதுக்குட்பட்டவர்களுக்கு மனநலக் கழகத்தின் 'சாட்' சேவை இலவசமாக மதிப்பீடு செய்கிறது. மாத்திரைப் பழக்கத்திலிருந்து விடுபட உதவி வேண்டுமென்றால், கழகத்தின் போதைப் பழக்கச் சிகிச்சைப் பிரிவை 6732 6837 என்ற எண்ணில் அழைக்கலாம். கழகத்தின் 24 மணி நேர மனநல உதவி எண் 6389 2222. யாரிடமாவது பேச வேண்டும்போல் இருந்தால் தேசிய மனநல உதவி எண் 1771.